கிரீச்

முதல் ராத்திரி என் முதுகெலும்பைக்
கட்டில் ஒவ்வொன்றாக எண்ணியது.
நீலப் பெயிண்டு உரிந்த தகரம்,
அதன்மேல் பொள்ளாச்சித் தென்னைநார் மெத்தை,
நடுவில் ஒரு பள்ளம்:
நாலு வருசம் படித்துப் போன யாரோ ஒருத்தியின் இடுப்பு.
என் இடுப்பு அதற்குள் உட்காரவில்லை.
நான் குட்டை.

இரண்டாம் நாள் மெத்தையைத் திருப்பிப் போட்டேன்.
மறுபக்கம் வேறொருத்தியின் பள்ளம்.

வெயில் காட்டினால் உப்பும் என்றாள் அடுத்த அறைக் கோசலை.
மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனோம்.
பெருந்துறையின் ஆடிக் காற்று
மெத்தையையும் எங்களையும் சேர்த்துத்
தண்ணித் தொட்டி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது.
மூட்டைப்பூச்சிகள் காற்று வாங்கிவிட்டு
எங்களோடு திரும்பி வந்தன.

ஸ்டோர் ரூம் சென்னியப்பண்ணன்
"அட்டப் பொட்டிதான, எத்தன வேணுமோ எடுத்துக்க கண்ணு,
வார்டன் கேட்டா எம் பேரச் சொல்லிப்போடாத" என்றார்.
மூன்று அட்டை பள்ளத்துக்கு, இரண்டு தோள்பட்டைக்கு.
ஒரு வாரம் பினாயில் வாசத்தில் கனவு கண்டேன்.
எல்லாம் சுத்தமான கனவு.

சனிக்கிழமை ஊருக்குப் போனபோது
அக்காவின் பனியன் கம்பெனியிலிருந்து
ஒரு சாக்கு கட்டிங் வேஸ்ட்.
கழுத்து வெட்டிய வட்டங்கள்,
கைக்குழி வெட்டிய பிறைகள்,
கடல் தாண்டி யாரோ போட்டிருக்கும் சட்டைகளில்
இல்லாமல் போன இடங்கள்.

அவினாசியில் ஏறும்போதே கண்டக்டர் பிடித்துக்கொண்டார்.
"சாக்குல என்னம்மிணி?"
"தூக்கமுங்க."
சிரிக்காமல் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

பழைய போர்வையை உறையாக்கித் திணித்தேன்,
கோணி ஊசியால் தைத்தேன்.
தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல்.
கொசுவுக்குச் சீலைத் திரை.
டெக்ஸ்டைல் படிக்கிறவள் கட்டில்னா இப்படி இருக்கோணும் என்று
இரண்டாம் மாடியே வந்து உட்கார்ந்து பார்த்தது.
இன்டர்னல் பரீட்சைக்கு முந்தின நாள்
அதில் ஒன்பது பேர்.
நான் தரையில்.

பாக்கி இருந்தது ஒரு சத்தம்தான்.
கிரீச்.
என் கட்டில் இல்லை, மேல்கட்டில்.
கால்மாட்டுப் போல்ட்டு.
மேலே ரோஸ்லின், வேம்பார்க்காரி.
பகலில் அந்தக் கட்டில் பேசாது, அவளும்தான்.
ராத்திரி பன்னிரண்டேகாலுக்குத் தொடங்கும்.
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
சிப்காட் நாற்றம் ஜன்னல் ஏறி வரும்வரைக்கும்.

நாலு ராத்திரி பல்லைக் கடித்தேன்.
ஐந்தாம் நாள் அவள் குளிக்கப் போன நேரம்
ஒரு மெரூன் துணியை நீளமாகக் கிழித்து
போல்ட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே சுற்றி
இறுக்கி முடிந்தேன்.
ஆட்டிப் பார்த்தேன்.
ஊமை.

அன்றைக்குத் தூங்கினேன் பாருங்கள்,
காலையில் மெஸ் பெல் அடித்ததே கேட்கவில்லை.
பொங்கல் போச்சு.

வியாழக்கிழமை பல் விளக்கும்போது கோசலை கேட்டாள்:
"உன்ற ரூம் புள்ளைக்கு என்ன?
கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்குது."
வாய் நிறைய நுரையோடு
"தெரியலயே" என்றேன்.
போன வாரம் என்றால்
மணி, நிமிசத்தோடு சொல்லியிருப்பேன்.

அன்று விளக்கணைந்த பிறகு
கால்விரலால் அந்த முடிச்சைத் தேடினேன்.
அவிழவில்லை. நான் போட்டதாயிற்றே.
எழுந்து உட்கார்ந்து நகவெட்டியால் அறுத்தேன்,
நூல் நூலாக.
பன்னிரண்டேகால்.

கிரீச்.

"ரோஸ்லின்."
சத்தம் நின்றது.
"மேல தகரம் குத்துதா?"
ஃபேன் நாலைந்து சுற்றுச் சுற்றியது.
"குத்துது."
"சாக்குல இன்னும் ரெண்டு கிலோ இருக்குது.
எறங்கி வா. நான் தைக்கிறேன், நீ டார்ச்சுப் பிடி."

ஏணியில் மூன்றாம் படியும் கிரீச்சிடும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.